வீட்டுல யாரு கெடக்கா?

பிரபுதாஸ் சார் பிரம்பை ஓங்கினால் கையை நீட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் வழக்கம். அன்று பூமாரி கண்ணை மூடவில்லை. முதல் அடி உள்ளங்கையில் விழுந்தது. அடுத்த அடி, காலையில் கஞ்சி கொட்டிக் கொப்புளம் எழும்பியிருந்த மணிக்கட்டில் விழுந்து தோலைப் பிய்த்துக்கொண்டு போனது. மறுபடி பிரம்பு மேலே போனபோது அவள் எட்டி அதைப் பிடித்து இழுத்தாள். சார் நிலைதடுமாறி மேஜையில் மோதினார். அவர் நிமிர்வதற்குள் அதே பிரம்பு அவர் கன்னத்தில் சுளீரென்று இறங்கியது. காதடியிலிருந்து வாய்க்கடை வரைக்கும் ஒரு வரி சிவந்து தடித்து எழும்பியது.

பக்கத்துத் தெருவில் விசைத்தறிகள் தடதடவென்று ஓடும் சத்தம் மட்டும் சன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது.

"ஏட்டி..." என்றார் சார்.

பூமாரி பிரம்பைத் தரையில் போட்டாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டி ஓடினாள். முதல் பெஞ்சில் இருந்த ரசீதா "பூமாரி, நில்லுட்டி" என்று கூப்பிட்டது முதுகுக்குப் பின்னால் கேட்டது. நிற்கவில்லை. ரயில்வே கேட்டைக் கடக்கும்போதுதான் ஒன்றை உணர்ந்தாள். பயமே வரவில்லை. வாத்தியாரை அடித்த கையில் ஒரு சுகம் இருந்தது. நன்றாகக் குளித்து முடித்தபின் வருகிற மாதிரி ஒரு சுகம். அதை நினைத்தபோதுதான் பயம் வந்தது.

அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. 1979-ஆம் வருஷம். முந்தின வருஷம்வரை கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அவள் அப்பா வெள்ளத்துரை வயல் வைத்திருந்தார். மேல்வயல்காரன் மூக்காண்டி மடையை அடைத்துத் தண்ணீரைத் தன் பக்கமே திருப்பிக்கொண்டிருந்தான். கதிர் பால்பிடிக்கும் நேரத்தில் வயல் வெடித்துக் கிடப்பதைப் பொறுக்காமல் வெள்ளத்துரை ஒரு சாயங்காலம் மண்வெட்டியோடு போய் மடையைத் திறந்தார். குனிந்து மண்ணை அள்ளிக்கொண்டிருந்தவரின் முதுகில் முதல் வெட்டு விழுந்தது. திரும்பித் தடுத்த வலது கையில் அடுத்தது. சாப்பாடு கொண்டுபோன பூமாரி வரப்பில் நின்று அதைப் பார்த்தாள். தூக்குச்சட்டி கையிலிருந்து விழுந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. மடையில் தண்ணீர் சிவப்பாக ஓடியது.

பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்துக் கொடுத்தார்கள். இடுப்புக்குக் கீழே ஒன்றும் திரும்பி வரவில்லை. வலது கையில் பெருவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. மூக்காண்டி ஜாமீனில் வந்து அதே ஊரில் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தான். அதனால் அப்பாவும் மகளும் ஊருக்குத் திரும்பவில்லை. சங்கரன்கோவிலில், ஒரு தறிக்கூடத்தின் பின்னால் இருந்த ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்தார்கள். பூமாரி தறிக்குத் தார் சுற்றி, அதாவது குச்சியில் நூல் சுற்றிக் கொடுப்பதால் தறிக்காரர் வாடகை கேட்கவில்லை. அத்தை மாரித்தாய் ஊரிலிருந்து பஸ்ஸில் அரிசி போட்டுவிடுவாள். பூமாரி சிறுபிள்ளையாய் இருக்கும்போதே அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள்.

விடியுமுன்னே எழுந்து அப்பாவைப் புரட்டி, துணி மாற்றி, துடைத்து, புண்ணில் மருந்து போட்டு, கஞ்சி காய்ச்சி ஊட்டி, அழுக்குத் துணியை அலசிப் போட்டு, தார் சுற்றி முடித்துப் பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்தால் பிரேயர் முடிந்து முதல் பீரியட் பாதி போயிருக்கும். ஏன் லேட் என்று கேட்டால் அவள் சொல்வதில்லை. 'எங்க அப்பா படுக்கையிலேயே இருக்கார். நான்தான் கழுவி விடுதேன்' என்று பையன்களும் இருக்கிற வகுப்பில் எந்தப் பெண் பிள்ளை எழுந்து நின்று சொல்லும்? அடியே மேல் என்று கையை நீட்டிவிடுவாள்.

அன்று அவள் ஓடி வந்து கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அறைந்தது. அப்பா கட்டிலில் நனைந்து கிடந்தார்.

"எங்கட்டி போய்த் தொலைஞ்சே? தொண்ட காஞ்சு கத்துதேன். நான் செத்துட்டேனான்னு பாக்க வந்தியா?"

"பள்ளிக்கூடத்துக்குப் போனேம்ப்பா."

"பள்ளிக்கூடம்! நான் இங்கன மலத்துல கெடந்து புழுத்துப் போறேன், நீ அங்கன இங்கிலீசு படிக்கியா, மூதி?"

அவள் சேலைத் துணியை எடுத்துக்கொண்டு குனிந்தாள். அவரைப் பக்கவாட்டில் புரட்ட முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்தபோது அவர் இடது கை அவள் சடையைப் பற்றியது. பற்றி இழுத்துத் தலையைக் கட்டில் சட்டத்தில் ஒரு மோது மோதியது. அவள் விலகவில்லை. விலகினால் அவர் கீழே விழுந்துவிடுவார். சடையை விட்ட கை பக்கத்தில் இருந்த பித்தளைச் செம்பை எடுத்து வீசியது. செம்பின் விளிம்பு நெற்றியில் பட்டுப் புருவத்துக்கு மேலே கிழிந்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

அந்த ரத்தத்தினூடே பார்த்தபோது மூலையில் அம்மிக்குழவி தெரிந்தது. எப்போது எழுந்தாள், எப்போது அதைத் தூக்கினாள் என்று அவளுக்கு நினைவில்லை. அப்பாவின் தலைக்கு நேர் மேலே இரண்டு கையாலும் குழவியைத் தூக்கிக்கொண்டு நின்றாள். கை அலுங்காமல் இருந்தது.

வெள்ளத்துரை அவளை அண்ணாந்து பார்த்தார். கத்தல் நின்றது. முகத்தில் கோபம் வடிந்து, கேட்டதைக் கொண்டுவந்தவளைப் பார்ப்பது போன்ற பார்வை வந்தது.

"போடுட்டி," என்றார் மெதுவாக. "போட்டு முடி. ஒனக்கும் விடுதல, எனக்கும் விடுதல."

வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. "வீட்டுல யாரு?" என்று ஓர் ஆண்குரல். பிரபுதாஸ் சார் கன்னத்துத் தடிப்போடு உள்ளே காலை வைத்தார். இவள் அப்பனிடம் நியாயம் கேட்டுவிட்டு, நாளையோடு பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தவர். வாய் நிறைய அதை வைத்துக்கொண்டு வந்தவர் அப்படியே நின்றார்.

அவர் நல்ல மனுஷர் என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொன்னது கிடையாது. கணக்கு நன்றாகச் சொல்லிக் கொடுப்பார் என்றுதான் சொல்வார்கள். இரண்டு எட்டில் வந்து குழவியின் அடியில் தன் கையைக் கொடுத்தார். "விடு பிள்ள. நான் பிடிச்சுக்கிட்டேன். விடு" என்றார். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. குழவியைத் தரையில் வைத்துவிட்டு அவர் கட்டிலைப் பார்த்தார். முதுகுக்குக் கீழே புண் குழிவிழுந்து, எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. பூமாரி அவரையே பார்த்தாள். வெளியே ஓடிவிடுவார் என்று நினைத்தாள். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"யார்வே நீரு?" என்றார் வெள்ளத்துரை.

"இவ வாத்தியார்."

"மூஞ்சியில என்னது, வரி?"

"உம்ம மக அடிச்சது."

வெள்ளத்துரை அந்த வரியை உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார். இருமலும் சிரிப்புமாக உடம்பின் மேல்பாதி குலுங்கியது. "அடிச்சாளா! எங்க, அந்தப் பக்கமா திரும்பும், நல்லாப் பாப்போம்." வெட்டுப்பட்டதிலிருந்து அவர் சிரித்து அன்றுதான் பூமாரி பார்த்தாள்.

சார் திரும்பிக் காட்டினார். அதன் பிறகு, "நீ கால் பக்கம் பிடி" என்று பூமாரியிடம் சொல்லிவிட்டுத் தோள்பட்டைக்கு அடியில் கையைக் கொடுத்தார். இரண்டு பேராகத் தூக்கும்போது அப்பா எவ்வளவு இலேசாக இருந்தார் என்பது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் தலைமையாசிரியை ஞானபாக்கியத்தின் அறைக்கு வெளியே பூமாரியை நிற்க வைத்திருந்தார்கள். உள்ளே ஆசிரியர்கள் கூடியிருந்தார்கள். கதவு சாத்தியிருந்தாலும் பேச்சு கேட்டது.

"வாத்தியார அடிச்ச பிள்ளைய வச்சிருந்தா நாளைக்கு ஒவ்வொருத்தனும் கைய ஓங்குவான், டீச்சர். டீசியக் குடுத்து அனுப்பிருங்க."

"அடி வாங்கினது நானு," என்றது பிரபுதாஸ் சாரின் குரல். "நான் சொல்லுதேன், டீசி வேண்டாம்."

"ஏன் சார்? இரக்கமா?"

"இரக்கம் இல்ல வே. நேத்து நான் கொஞ்சம் பிந்திப் போயிருந்தா அந்தப் பிள்ள அப்பனக் கொன்னுருக்கும். இந்த வருஷம் பூரா லேட்டா வந்ததுன்னு நான் அதைத் தினமும் அடிச்சிருக்கேன். ஒரு நாளாவது வீட்டுல யாரு கெடக்கான்னு கேட்டேனா? நீங்க யாராவது கேட்டியளா?"

பிறகு ஞானபாக்கியம் டீச்சர் பேசினார். அவருக்கு எப்போதுமே குரல் உயராது. "பூமாரி வகுப்புல வச்சு சார்ட்ட மன்னிப்புக் கேக்கணும். அது கேட்டுத்தான் ஆகணும். பிரம்பு இனிமே என் அலமாரியில இருக்கட்டும். வேணுங்கிறவங்க எங்கிட்ட வந்து காரணத்தச் சொல்லி வாங்கிட்டுப் போங்க. லேட்டா வாற பிள்ளைட்ட மொதல்ல கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். வீட்டுல யாரு கெடக்கா? அதக் கேட்டுட்டு மத்தத கேளுங்க. அதுவும் பத்துப் பேருக்கு முன்னால வச்சுக் கேக்காதீங்க."

பூமாரியை உள்ளே கூப்பிட்டார்கள். டீச்சர் அவள் நெற்றியில் இருந்த கிழிசலைப் பார்த்தார். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ஒனக்கு என்ன வேணும்னு நீயே சொல்லு" என்றார்.

அப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. "எனக்கு யாரும் ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அழுகை நின்றதும், "மத்தியானம் ஒரு தடவ வீட்டுக்குப் போய்ட்டு வரணும், டீச்சர். அதுக்குத்தான் கேட்டுல விட மாட்டேங்காக" என்றாள்.

மறுநாளிலிருந்து அவளுக்குப் பிரேயரும் முதல் பீரியடும் கிடையாது. அந்தப் பாடத்தைச் சாயங்காலம் பிரபுதாஸ் சார் தனியாக நடத்தினார். மத்தியானம் சாப்பாட்டு மணிக்கு முன்பே அவளைக் கேட்டில் விட்டுவிடுவார்கள். அடுத்த பீரியடில் வந்து சேர்ந்துகொள்வாள். தனியாகப் போக வேண்டாம் என்று டீச்சர் சொன்னபோது ரசீதா எழுந்து நின்று, "நான் கூடப் போறேன் டீச்சர். எங்க உம்மாட்ட சொல்லிக்கிடுதேன்" என்றாள். தையல் டீச்சர் செண்பகவல்லி, கிழிந்த பாவாடைகளைத் தைத்துப் பழகிக்கொண்டிருந்த பிள்ளைகளை வைத்துப் பஞ்சுத் தலையணைகள் தைத்தார். எலும்பு முட்டுகிற இடங்களில் வைக்கிற மாதிரி, நடுவில் குழியிட்ட வட்டத் தலையணைகள். கம்பவுண்டர் ஒருவரை ஞானபாக்கியம் டீச்சர் அனுப்பிவைத்தார். புண்ணில் செத்த சதையை எப்படி வெட்டி எடுப்பது, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடுவது என்று அவர் காட்டிக் கொடுத்தார்.

வெள்ளத்துரை இதற்கெல்லாம் வணங்கிவிடவில்லை. முதல் நாள் ரசீதா கொண்டுவந்த தலையணையை வாசலில் விட்டெறிந்தார். கம்பவுண்டரின் கையைக் கடித்தார். ஆனாலும் புண்ணின் குழி மேலே வர ஆரம்பித்தபோது பூமாரியை அடிப்பது குறைந்தது. முற்றிலும் நிற்கவில்லை. குறைந்தது.

வகுப்பில் அவள் மன்னிப்புக் கேட்ட அன்று பிரபுதாஸ் சார் எல்லோரையும் பார்த்து, "வீட்டுல சீக்காளியப் பாத்துக்கிட்டு வாற பிள்ளைக யாராவது இருந்தா எங்கிட்ட வந்து சொல்லுங்க" என்றார். யாரும் அசையவில்லை. ஆனால் அந்த வாரம் முடிவதற்குள் ஆறுமுகச்சாமி என்ற முரட்டுப் பையன், மைதானத்தில் அன்றாடம் யாரையாவது மூக்கில் குத்திக்கொண்டிருந்தவன், சாரின் சைக்கிளுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். "எங்க அம்மைக்கு வலிப்பு சார். நான் இல்லாதப்ப அடுப்புல விழுந்துட்டா" என்றான். அவனுக்குப் பின்னால் இன்னும் சில பிள்ளைகள் தயங்கித் தயங்கி வந்தார்கள்.

கோர்ட்டில் வாய்தா போட்டு வந்த வெட்டு வழக்கின் விசாரணை நெருங்கியபோது மூக்காண்டி வந்தான்.

மத்தியான வேளை. தறிக்கூடம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் வீட்டுக்குள் யார் கத்தினாலும் வெளியே கேட்காது. அது தெரிந்துதான் வந்திருப்பான். பூமாரி அப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். ரசீதா பின்கட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். மூக்காண்டி உள்ளே வர, அவன் மச்சினன் கம்போடு வாசலை அடைத்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றான்.

"சாப்பாடு நடக்கா?" என்றான் மூக்காண்டி. "வெள்ளத்துர, சண்ட போட வரல. கோர்ட்டுல நின்னு, இருட்டுல வெட்டினது யாருன்னு தெரியலன்னு சொல்லிரு. நீயும் பொழைச்சுக்கிடுவ, ஒம் மவளும் பொழைச்சுக்கிடுவா."

வெள்ளத்துரை வாயில் இருந்த சோற்றை அவன் வேட்டியில் துப்பினார்.

மூக்காண்டி கட்டில் சட்டத்தில் காலை வைத்து உதைத்தான். கட்டில் கவிழ்ந்து வெள்ளத்துரை முகம் தரையில் படும்படி விழுந்தார். சோறும் குழம்பும் அவர்மேல் கொட்டின. விழுந்தவரின் விலாவில் அவன் மாறி மாறி மிதித்தான். பின்பு முதுகுப்பக்கம் செருகியிருந்த அரிவாளை உருவினான். "இந்தக் கையையும் எடுத்துட்டா கோர்ட்டுல நீ எதக் காட்டி அடையாளம் சொல்லுவன்னு பாக்கேன்" என்று அவர் இடது கையை மிதித்துக்கொண்டு குனிந்தான்.

பின்கட்டு நிலையில் ரசீதாவின் முகம் ஒரு கணம் தெரிந்து மறைந்தது. அவள் குடத்தைப் போட்டுவிட்டுச் சுவரேறிக் குதித்துப் பள்ளிக்கூடத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தாள்.

பூமாரி மூக்காண்டியின் மேல் பாய்ந்தாள். அவன் கழுத்தில் தொங்கிக் காதைக் கடித்தாள். வாயில் உப்பு நிறைந்தது. அவன் உதறி, அரிவாளின் பின்புறத்தால் ஓங்கிப் போட்டான். இடது தோளெலும்பு முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது. சுவரில் மோதி விழுந்தாள். அவன் கால் அப்பாவின் கையை விட்டு நகர்ந்திருந்தது. இடுப்புக்குக் கீழே உயிரில்லாத அந்த மனுஷர் இடது முழங்கையை ஊன்றி, பாம்பு மாதிரி ஊர்ந்து வந்து, மூக்காண்டியின் கெண்டைக்காலில் பல்லைப் பதித்தார். அவன் அலறிக்கொண்டு சாய்ந்தான். அரிவாள் தெறித்து அவள் பக்கத்தில் வந்து விழுந்தது.

அவள் வலது கையால் அதை எடுத்தாள். வெட்டினாள். அவன் தொடையில் அரிவாள் இறங்கியபோது எதிர்ப்பே இல்லை. வாழைத்தண்டில் இறங்குவது மாதிரி இறங்கியது. வெட்டுவது இவ்வளவு சுலபமா என்று நினைத்தாள். ரத்தம் பீச்சி அவள் முகத்தில் அடித்தது. மூக்காண்டி இரண்டு கையையும் நீட்டி, "வேண்டாம் தாயி, வேண்டாம் தாயி" என்றான். அவள் அரிவாளை மறுபடி ஓங்கினாள். இந்தத் தடவை கழுத்தைப் பார்த்து ஓங்கினாள்.

"போதும்!" என்று கத்தினார் அப்பா. "போதும் மக்கா! போட்டுரு! அரிவாளக் கீழ போட்டுரு!"

அவர் அவளை மக்கா என்று கூப்பிட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. ஓங்கிய கை அப்படியே நின்றது. அப்போதுதான் தறிச் சத்தத்துக்கு மேலாகப் பள்ளிக்கூட மணி அடிப்பது அவள் காதில் விழுந்தது. பீரியட் மணி அப்படி அடிக்காது. யாரோ வெறிபிடித்தவர்போல விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். அதன் பின்னால் நூற்றுக்கணக்கான கால்கள் தெருவில் ஓடி வருகிற சத்தம்.

வாசலில் நின்ற மச்சினன் கம்பைச் சுழற்றினான். முன்னால் ஓடி வந்த பிரபுதாஸ் சாரின் மண்டையில் அது விழுந்தது. அவர் முழங்காலிட்டு விழுந்தார். மறுபடி கம்பை ஓங்குவதற்குள் அவன்மேல் கல் மழை பொழிந்தது. முதல் கல்லை எறிந்தவன் ஆறுமுகச்சாமி. அது மச்சினன் மூக்கைச் சரியாகப் பெயர்த்தது. அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓட, தறிக்கூடத்து ஆட்கள் அவனைத் துரத்திப் பிடித்துக் கட்டிவைத்து மிதித்தார்கள். போலீஸ் வந்துதான் அவனை உயிரோடு மீட்க வேண்டியிருந்தது.

தலையிலிருந்து ரத்தம் ஒழுக உள்ளே வந்த சார், பூமாரியின் கையிலிருந்து அரிவாளை வாங்கினார். அவள் விரல்களை அன்றும் அவர்தான் பிரிக்க வேண்டியிருந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கும் மகளுக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில் கொடுத்தார்கள். வெள்ளத்துரைக்கு விலா எலும்பு நொறுங்கியிருந்தது. பூமாரியின் தோளை இறுக்கிக் கட்டி அசையாமல் படுக்கச் சொல்லியிருந்தார்கள். அவளுக்குப் படுக்க முடியவில்லை. அப்பாவைப் புரட்டும் நேரம் வந்ததும் உடம்பு தானாக எழுந்தது.

"எந்திரிக்காதட்டி," என்றாள் ரசீதா. "நாங்க இருக்கோம்லா."

ஆறுமுகச்சாமி தோளைப் பிடிக்க, இன்னொரு பையன் காலைப் பிடிக்க, வெள்ளத்துரையைப் புரட்டிப் போட்டார்கள். "எருமைக மாதிரி புரட்டுதானுவ பாரு" என்று அவர் திட்டினார். ரசீதா ஊட்டிய கஞ்சி சூடாக இருக்கிறது என்று அவளையும் திட்டினார். பூமாரி படுத்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் வாயைத் துடைப்பது வேறு ஒருத்தியின் கை. அவள் செய்ய ஒன்றுமே இல்லை. அது முதலில் சங்கடமாக இருந்தது. பிறகு எப்போது தூங்கினாள் என்று தெரியவில்லை.

விழித்தபோது சப்-இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். மூக்காண்டியின் தொடை நரம்பு போய்விட்டது, பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், பிள்ளையை விசாரணைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றார். கட்டிலின் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஞானபாக்கியம் டீச்சர் எழுந்திருக்கவில்லை.

"பிள்ளைக்கு மத்தியானம் வீட்டுக்குப் போக அனுமதி குடுத்தது நான்," என்றார். "அது பள்ளிக்கூட நேரம். பள்ளிக்கூட நேரத்துல எம் பிள்ள என் பொறுப்பு. அருவாளோட வந்து எம் பிள்ளைய அடிச்சவன விட்டுட்டு, உயிரக் காப்பாத்திக்கிட்ட பிள்ளைய விசாரிக்கணும்னா, மொதல்ல என்னை விசாரிங்க. நான் எங்க வரணும், சொல்லுங்க."

"அப்படி இல்ல டீச்சர்..."

"அப்படித்தான் சார்."

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போனார். மறுநாள் வாக்குமூலத்தைக் கட்டிலிலேயே வைத்து எழுதிக்கொண்டார்கள். டீச்சரும் பக்கத்தில் இருந்தார். மூக்காண்டி பிழைத்துக்கொண்டான். பூமாரிமேல் வழக்குப் போடவில்லை. ஆனால் அவள் பல நாள் சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். குழம்பின் நிறம் ஆகவில்லை. வாழைத்தண்டுக் கூட்டு வைத்த வீட்டுக்குள் நுழையவே மாட்டாள். அரிவாள் இறங்கியபோது தனக்கு எப்படி இருந்தது என்பதை ஞானபாக்கியம் டீச்சரிடம் மட்டும் ஒரு நாள் சொன்னாள். டீச்சர் ஜெபம் பண்ணச் சொல்லவில்லை, புத்தியும் சொல்லவில்லை. "இன்னொரு தடவ சொல்லு" என்றார். அவள் இன்னொரு தடவை சொன்னாள். அதன் பிறகும் எத்தனையோ தடவை சொன்னாள். ஒவ்வொரு தடவையும் டீச்சர் முதல்முறை கேட்பது போலவே கேட்டார்.

திருநெல்வேலி கோர்ட்டுக்கு வெள்ளத்துரையை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். முன்னால் பிரபுதாஸ் சார், பின்னால் பள்ளிக்கூடத்துப் பியூன் பெருமாள்சாமி. வெட்டினது யார் என்று கேட்டபோது வெள்ளத்துரை வலது கையில் மிச்சமிருந்த இரண்டு விரலையும் தூக்கி, ஊன்றுகோலோடு கூண்டில் நின்ற மூக்காண்டியைக் காட்டினார். எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கிக் குறுக்கிக் கேட்டும் அவர் வார்த்தை மாறவில்லை. வரப்பில் நின்று பார்த்ததைப் பூமாரியும் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. வீடு புகுந்து அடித்ததையும் சேர்த்துத் தீர்ப்பு அடுத்த மாதம் வந்தது. மூக்காண்டிக்கு ஏழு வருஷம், மச்சினனுக்கு இரண்டு.

சாட்சி சொன்ன அன்று திரும்பும்போது பஸ்ஸின் கடைசி நீள சீட்டில் வெள்ளத்துரையைப் படுக்க வைத்தார்கள். மானூர் வருவதற்குள் அவர் தூங்கிவிட்டார். தலை பிரபுதாஸ் சாரின் மடியில் இருந்தது. வாய் திறந்து எச்சில் சாரின் வெள்ளை வேட்டியில் வழிந்தது. சார் அசையவில்லை. சன்னல் வழியே பருத்திக் காடுகள் பின்னோக்கிப் போவதைப் பூமாரி பார்த்துக்கொண்டு வந்தாள். தோள் இன்னும் வலித்தது.

"நாளைக்கு அரப்பரீட்சை கணக்கு," என்றார் சார் தாழ்ந்த குரலில். "படிச்சியா?"

"இல்ல சார்."

"ஒண்ணும் படிக்கலையா?"

"அல்ஜீப்ராவுல கொஞ்சம் பாத்தேன்."

"பையில புஸ்தகம் இருக்குல்லா?"

"இருக்கு சார்."

"அப்ப எடு. வெயில் இறங்க இன்னும் நேரம் கெடக்கு. அப்பாவ நான் பிடிச்சுக்கிடுதேன்."

அவள் புத்தகத்தை எடுத்து மடியில் விரித்தாள். பஸ் குலுங்கிய குலுங்கலில் எழுத்துகள் ஆடின. தேவர்குளம் தாண்டும்வரை ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அதற்குப் பிறகு அது பிடிபட்டது.